‘தி பேக்ஸ்லைடர்’ படித்தவர்கள் உண்டா? சிரித்ததற்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது

#1 கரிசல்வாசகன்

வணக்கம் நண்பர்களே. லெவி பீட்டர்சன் எழுதிய ‘தி பேக்ஸ்லைடர்’ நாவலை நேற்று இரவு முடித்தேன். 1986இல் வந்தது. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய நண்பர் ஒருவர் பெட்டியைக் காலி செய்யும்போது “கௌபாய் கதை, உனக்குப் பிடிக்கும்” என்று தூக்கிப் போட்டார். மாடும் குதிரையும் இருப்பது உண்மைதான். ஆனால் இது மார்மன் கிறிஸ்தவர்களின் கதை என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1950களின் தென் யூட்டா. ஃபிராங்க் விண்டம் என்ற மாட்டுப்பண்ணைக் கூலியாள். உடம்பு முழுக்க ஆசை, மனசு முழுக்கப் பயம். கடவுள் எங்கோ மேலே உட்கார்ந்துகொண்டு துப்பாக்கித் தொலைநோக்கியில் தன்னையே குறிபார்த்துக்கொண்டிருப்பதாக நிஜமாகவே நம்புகிறான். அதனால் பாவம் செய்கிற ஒவ்வொரு தடவையும் கடவுளிடம் ஒரு புது ஒப்பந்தம் போடுகிறான். இதை விடுகிறேன், அதை விட்டுவிடு என்று. ஒப்பந்தம் ஒரு வாரம்கூடத் தாங்காது. இப்படியே போகும்போது மேரியன் என்ற லூத்தரன் (மார்மன் அல்லாத வேறொரு கிறிஸ்தவப் பிரிவு) பெண் கர்ப்பமாகிறாள், கல்யாணம் ஆகிறது. அப்புறம் ஃபிராங்கின் தம்பி ஜெரமி செய்கிற ஒரு காரியம். அதை இங்கே சொல்லாமல் விவாதிக்க முடியாது, ஆகவே கதையின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு வேறு இழைக்குப் போய்விடுங்கள்.

என் பிரச்சினை இது. பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஜெரமி தன்னைத் தானே காயடித்துக்கொள்ளும் இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். திரும்பி வந்து படித்தால் நாலாவது பக்கத்தில் மறுபடி சிரிப்பு வருகிறது. எனக்குத்தான் ஏதோ கோளாறா, இல்லை எழுத்தாளர் வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறாரா? இன்னொன்று, ‘இரத்தப் பிராயச்சித்தம்’ என்று ஒரு பேச்சு வருகிறது. ஊருக்கே தெரிந்த விஷயம் போல எழுதியிருக்கிறார். எனக்குப் புரியவில்லை.

#2 பாதிபடித்தவன்

மார்மன் என்றால் நாலு பொண்டாட்டி கட்டுகிறவர்கள்தானே? இந்த ஆள் ஒன்றுக்கே இந்தப் பாடு படுகிறான்!

#3 உப்பேரிக்கரை

தம்பி, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை முழுக்க அதுவே ஓடும். நான் ஆறு வருடமாக யூட்டாவில், லீஹை பக்கம் இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை. தெருவில் முக்கால்வாசி வீடுகள் இந்தச் சபையைச் சேர்ந்தவை.

பலதார மணத்தை அந்தச் சபை 1890இல் அறிக்கை விட்டுக் கைவிட்டது. அதற்கு மூன்று வருடம் முன்னால் அமெரிக்க காங்கிரஸ் சபையின் சொத்தையே பறிமுதல் செய்யச் சட்டம் போட்டிருந்தது. பலதார மணத்தை விடாமல் யூட்டாவுக்கு மாநில அந்தஸ்தும் கிடைக்காது. 1896இல் கிடைத்தது. இன்றைக்கு ஒருவர் இரண்டாம் கல்யாணம் செய்தால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். அறிக்கையை ஏற்காமல் பிரிந்து போன சிறு குழுக்கள்தான் அரிசோனா எல்லைப் பக்கம் இன்னும் அதைத் தொடர்கின்றன. டிவி தொடர்களில் வருவது அவர்கள்.

‘மார்மன்’ என்பதும் வெளியார் வைத்த பட்டப்பெயர்தான். 1830இல் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் புத்தகம் என்ற வேதநூலிலிருந்து வந்தது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரையும் சொல்ல வேண்டும் என்று 2018இல் அவர்கள் தலைவர் கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் அதை மதித்து முழுசாகச் சொல்ல ஆரம்பிப்பார், பாதியில் மூச்சு வாங்கும். நான் இங்கே மார்மன் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பேக்ஸ்லைடர் படித்திருக்கிறேன். விரிவாக எழுத ஆசை, இரவு வருகிறேன்.

#4 மேய்ப்பன்மகள்

தலைப்பைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். பேக்ஸ்லைடர் என்ற சொல்லுக்கு எங்கள் வட்டாரத்தில் அகராதி தேவையில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: “அவன் பின்மாற்றத்துல போயிட்டான்.” முன்பு ஜெபக்கூட்டத்தில் கிட்டார் வாசித்தவன் இப்போது சினிமா தியேட்டர் வாசலில் நிற்கிறான் என்றால் அதுதான் பின்மாற்றம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தாழும். வருத்தம் பாதி, ருசி பாதி.

இந்தச் சொல்லில் ஒரு விசேஷம் உண்டு. பின்மாற்றக்காரன் நம்பிக்கையை விட்டவன் இல்லை. நாத்திகனுக்கு வேறு பெயர். பின்மாற்றக்காரன் முழுக்க நம்புகிறவன், ஆனால் நம்பியபடி நடக்க முடியாதவன். ஃபிராங்க் விண்டம் அப்படித்தான். நம்பாதவனாக இருந்திருந்தால் அந்த நாவலே கிடையாது, குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான்.

#5 செல்லாக்காசு

நான் நாவலைப் படிக்கவில்லை, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஒரு சிறுபான்மை மதத்தை வைத்துச் சிரிப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று படுகிறது. நாவலின் கடைசியில் இயேசு கழிப்பறையில் தோன்றுவார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? நம்மூரில் ஒரு தெய்வத்தை வைத்து இப்படி எழுதினால் மறுநாள் புத்தகக் கடை இருக்குமா? அமெரிக்காவில் எழுதினால் மட்டும் இலக்கியமா?

#6 உப்பேரிக்கரை

@செல்லாக்காசு, உண்மைதான். கழிப்பறையில், அதுவும் ஃபிராங்க் நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது. குதிரை மேல், கௌபாய் உடையில். சிகரெட்டும் பிடிக்கிறார்.

ஆனால் எழுதியவர் யார் என்று பாருங்கள். பீட்டர்சன் 1933இல் அரிசோனாவில் ஸ்னோஃப்ளேக் என்ற ஊரில் பிறந்தவர். பெயரைக் கேட்டால் பனி கொட்டும் ஊர் என்று தோன்றும். ஸ்னோ என்ற பெரியவர், ஃப்ளேக் என்ற பெரியவர், இரண்டு மார்மன் முன்னோடிகளின் பெயரைச் சேர்த்து வைத்த ஊர் அது. வரைபடத்தில் ஊர்ப்பெயரே சபை வரலாறாக இருக்கும் இடம். அங்கே பிறந்து, ஆக்டனில் வீபர் ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். புத்தகத்தை வெளியிட்ட சிக்னேச்சர் புக்ஸும் சால்ட் லேக் சிட்டியில் இருப்பதுதான். நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு யாரோ “பார், இந்தக் கிறுக்கர்களை” என்று எழுதியதில்லை இது.

வெளியிலிருந்து மார்மன்களைக் கேலி செய்வது அமெரிக்காவில் ரொம்ப சுலபம். மேடை நாடகம், கார்ட்டூன் எல்லாவற்றிலும் செய்தாயிற்று. வெள்ளைச் சட்டை, பெயர்ப்பட்டை, சைக்கிளில் வரும் இரண்டு மிஷனரிப் பையன்கள், கோயிலில் பிரமாணம் எடுத்தவர்கள் உள்ளே அணிகிற விசேஷ உள்ளாடை. வெளியாளுக்கு இதுவே சிரிப்பாகத் தெரியும். பீட்டர்சன் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவர் காட்டும் கிராமத்தார் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), உபவாசம் என்று வாழ்கிறார்கள். பிஷப் என்றால் அங்கியும் மோதிரமும் இல்லை. சம்பளமில்லாமல் சில வருடம் அந்த வேலையைப் பார்க்கும் அடுத்த தெரு ஆள். நேற்று மாடு விற்றவரிடம் இன்று போய் உன் படுக்கையறைப் பாவத்தைச் சொல்ல வேண்டும். நாளைக்கு அவரே உன் டிராக்டரை இரவல் கேட்பார். இதில் உள்ள சங்கடம் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தோன்றாது.

எனக்குத் தெரிந்த இன்னொரு சொல்லும் உண்டு, ‘ஜாக் மார்மன்’. சபைக்குப் போகமாட்டான், பீர் குடிப்பான், ஆனால் சபையை யாராவது திட்டினால் சண்டைக்கு வருவான். இந்த நாவலுக்கு ரசிகர்கள் அவர்கள்தான் என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவர்களும் படித்திருக்கிறார்கள்.

#7 நூலகப்பூனை

கரிசலின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் முயல்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோசப் ஸ்மித்தை 1844இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகம் யங் மக்களை மேற்கே அழைத்துக்கொண்டு 1847 ஜூலையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். சுற்றிலும் பாலைவனம், பின்னால் விரட்டிய அமெரிக்கா. அந்தத் தனிமையில் 1856-57இல் ஒரு பெரும் மனந்திரும்புதல் அலை எழுந்தது. மேடைகளில் அனல் பறந்தது. அப்போது பிரிகம் யங்கும் அவருக்கு நெருங்கிய தலைவர்களும் சொன்ன ஒன்றுதான் இது: சில பாவங்களுக்குக் கிறிஸ்து சிந்திய இரத்தம் போதாது. பாவம் செய்தவனின் சொந்த இரத்தம் மண்ணில் விழுந்தால்தான் கழியும்.

எத்தனை பேர் இதை நிஜமாகவே நிறைவேற்றினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் அந்தப் பேச்சு காற்றில் இருந்தது. 1857 செப்டம்பர் 11, தென் யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் புல்வெளி. ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வண்டி கட்டிப் போன சுமார் 120 பேரை உள்ளூர் மார்மன் படையினர் வெள்ளைக்கொடி காட்டி வெளியே வரவழைத்துக் கொன்றார்கள். மிகச் சிறிய குழந்தைகள் 17 பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். அத்தனை பேரில் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், ஜான் டி. லீ. இருபது வருடம் கழித்து, 1877இல், அதே புல்வெளிக்குக் கொண்டுபோய், தன் சவப்பெட்டி மேலேயே உட்காரவைத்துச் சுட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையை முதலில் ஒழுங்காக ஆராய்ந்து 1950இல் புத்தகமாக எழுதியவர் ஜுவானிட்டா புரூக்ஸ். செயின்ட் ஜார்ஜ் ஊர்க்காரர், குடும்பத்தலைவி, பள்ளி ஆசிரியை, பக்தியுள்ள மார்மன். சபையில் பலருக்கு அவர்மேல் கோபம். அவரோ சபையை விட்டு விலகவே இல்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1988இல் எழுதியவர் யார் தெரியுமா? நம் பீட்டர்சன். நாவல் வந்து இரண்டே வருடத்தில். ஆக, நாவலில் அந்தப் பழைய இரத்தப் பேச்சு சும்மா அலங்காரத்துக்கு வரவில்லை. அந்தக் காகிதங்களுக்கு நடுவே வாழ்ந்த ஆள் எழுதியது.

சபை அந்தக் கருத்தை 1889லேயே மறுத்தது, பிறகும் பல தடவை மறுத்திருக்கிறது. ஆனால் சட்டத்தைப் பாருங்கள். யூட்டாவில் 1851இல் போட்ட சட்டப்படி மரண தண்டனைக் கைதி தூக்கு, துப்பாக்கி, தலைவெட்டு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தலைவெட்டை 1888இல் எடுத்துவிட்டார்கள். இரத்தம் சிந்தவைக்கும் துப்பாக்கி வழி தங்கிவிட்டது. 1977இல் கேரி கில்மோர், 2010இல் ரானி லீ கார்ட்னர், இருவரும் அங்கே துப்பாக்கிக்குத்தான் இறந்தார்கள். கார்ட்னர் விஷயத்தில் பழைய பேச்சு மறுபடி கிளம்ப, இது எங்கள் போதனை இல்லை என்று சபை மீண்டும் ஒரு அறிக்கை விட வேண்டியிருந்தது.

#8 பாதிபடித்தவன்

தலைவெட்டை எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். 37 வருடம் பட்டியலில் இருந்திருக்கிறது. யாராவது கேட்டார்களா?

#9 நூலகப்பூனை

ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால்தான் எடுத்துவிட்டார்களோ என்னவோ. ஓட்டலில் போகாத பலகாரத்தை எடுப்பதுபோல.

#10 கரிசல்வாசகன்

பூனையாருக்கு நன்றி. இப்போது கடைசி அத்தியாயம் வேறு மாதிரி தெரிகிறது. ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன்.

நான் முதலில் படித்தபோது அந்தக் கௌபாய் இயேசுவை ஒரு குறும்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் ஃபிராங்கிடம் கேட்கிற கேள்வி என்ன? நான் சிந்திய இரத்தம் போதும் என்று உன்னால் ஏன் நம்ப முடியவில்லை என்கிற மாதிரிதானே? 1856இல் மேடையில் சிலர் “போதாது” என்றார்கள். 130 வருடம் கழித்து ஒரு கழிப்பறையில் பதில் வருகிறது, “போதும்” என்று. நாவல் முழுக்க ஃபிராங்கைத் துரத்துவது அந்த ஒரே சொல். தம்பி ஜெரமி தன் உடம்பை வெட்டுவதும் அதனால்தான். போதாது என்று நினைத்தான், தன் பங்கைக் கொடுத்தான்.

எனக்கு நினைவுக்கு வந்தது சித்திரகுப்தன்தான். நம் கதையிலும் கணக்கு உண்டு, ஆனால் எமனுக்கு ஒரு குமாஸ்தா இருக்கிறான். கணக்குப்பிள்ளை என்றால் அசருவான், தூங்குவான், ஆள் மாறி உயிரை எடுத்து வந்துவிட்டுத் திருப்பி அனுப்புவான். ஆயிரம் கதை இருக்கிறது. ஃபிராங்கின் கடவுளுக்குக் குமாஸ்தா கிடையாது. அவரே கணக்கு, அவரே துப்பாக்கி. ஒரு மனிதன் அப்படிப்பட்டவரிடம் போய்க் காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல “ஒரு மாதம் மாமிசம் விடுகிறேன், என்ன சொல்கிறீர்” என்று நிற்பதுதான் சிரிப்பு. அதே பேரத்தை ஜெரமி முழு விலைக்கு முடித்துவிடும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. எனக்குக் கோளாறு இல்லை என்று தோன்றுகிறது. ஒரே விஷயம்தான், விலை மட்டும் வேறு.

#11 மேய்ப்பன்மகள்

கரிசல் சார், அந்தப் பேரம் பற்றிச் சொன்னது சரி. ஜெரமியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன்.

உன் வலது கண் உனக்கு இடறலானால் பிடுங்கிப் போடு, கை இடறலானால் தறித்துப் போடு என்கிற பொருளில் மத்தேயுவில் இருக்கிறது. பரலோக ராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்கள் (காயடித்துக்கொண்டவர்கள்) பற்றியும் அதே சுவிசேஷத்தில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் அதை அப்படியே நிறைவேற்றினார் என்று பழைய சபை வரலாறு சொல்லும். அப்பா பிரசங்கத்தில் அந்த வசனம் வந்தால் வேகமாகக் கடந்துவிடுவார். “இது உவமை” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சின்ன வயதில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்: இது உவமை என்று யாரும் சொல்லாத ஒரு பிள்ளை இதைக் கேட்டால் என்ன ஆகும்?

ஜெரமி அந்தப் பிள்ளை. அவனுக்கு மனநோய், அது தெளிவு. ஆனால் அந்த நோய் எந்த மொழியில் பேசுகிறது? அந்த வீட்டில், அந்தச் சபையில் கேட்ட மொழியில்தான். பைத்தியக்காரனும் ஊர்ப் பேச்சைத்தான் பேசுவான். பீட்டர்சன் அவனைக் கேலி செய்யவில்லை. அவன் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் அதிர்ச்சியடையும்போது, ‘ஏன் அதிர்கிறீர்கள், நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே’ என்று நாவல் பார்க்கிறது. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவே இல்லை, நாலு பக்கம் கழித்தும் வரவில்லை. உங்களுக்கு வந்ததென்றால் நீங்கள் அந்த முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். குற்றமாகச் சொல்லவில்லை.

#12 செல்லாக்காசு

சரி, மேடம் சொன்னதைப் படித்தபின் “கேலி” என்ற சொல்லைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி கையில்தான் இருக்கிறது. தரிசனம் கொடுக்க வயல் இல்லையா, மலை இல்லையா? கழிப்பறை அதிர்ச்சிக்காகத்தானே?

#13 உப்பேரிக்கரை

நாம் எல்லோரும் கழிப்பறையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். இங்கே என் பக்கத்து வீட்டுக்காரரிடம் (அறுபது தாண்டியவர், பேரன் இப்போது மிஷனரியாக எங்கோ போயிருக்கிறான்) கேட்டேன். அவருக்குக் கழிப்பறை ஒரு பொருட்டாகவே இல்லை. “சிகரெட்!” என்றார். “இயேசு சிகரெட் பிடிக்கிறார், அதைச் சொல்லுங்கள்.”

1833இல் ஜோசப் ஸ்மித் கொடுத்த ‘ஞான வார்த்தை’ என்று ஒன்று உண்டு. புகையிலை, மது, ‘சூடான பானம்’ மூன்றும் கூடாது. சூடான பானம் என்றால் காபி, டீ. இதைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று பிஷப் நேரில் கேட்டு, சரி என்றால்தான் கோயிலுக்குள் போக அனுமதிச்சீட்டு கிடைக்கும். ஃபிராங்க் மாதிரி ஆளுக்கு சிகரெட் என்பது சொர்க்கத்தின் வாசல்கதவு சம்பந்தப்பட்ட விஷயம். அந்த வாசலுக்குச் சொந்தக்காரரே ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு வந்தால்? உள்ளூர்க்காரன் சிரிப்பது அங்கே. நமக்கு அது படாமலே போய்விடுகிறது.

கழிப்பறை எதற்கு என்றால், என் எண்ணம் இது. அவன் வெட்கப்படும் உறுப்பு, தம்பி வெட்டியெறிந்த உறுப்பு. அது கையில் இருக்கும் நேரத்தில் தரிசனம் வருகிறது. உன் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் மலையில் கிடைக்காது. போய் உன் மனைவியோடு சந்தோஷமாக இரு என்றுதான் அவரும் சொல்லி அனுப்புகிறார்.

#14 பாதிபடித்தவன்

அண்ணே, அப்படியென்றால் உங்கள் வீட்டு ஃபில்டர் காபி கதி என்ன? ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடுகிறீர்களா?

#15 உப்பேரிக்கரை

தாராளமாகத் திறந்து வைத்துத்தான். குடிவந்த இரண்டாம் நாளே மூன்று வீட்டிலிருந்து வாழைப்பழ ரொட்டி வந்தது, கூடவே ஞாயிறு கூட்டத்துக்கு அழைப்பும். பதிலுக்கு என் மனைவி முறுக்கு கொடுத்து அனுப்பினாள். காபி மணத்துக்கு யாரும் முகம் சுளித்ததில்லை. ஒரு அம்மாள் மட்டும் ரொம்ப நேரம் சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, “வாசனைக்குத் தடை இல்லை” என்றார்.

காஃபீனும் இங்கே தனிக்கதை. காபி கூடாது, கோலா கூடுமா என்று பல தலைமுறையாக விவாதம். காஃபீனுக்குத் தடை இல்லை என்று 2012இல் சபை தெளிவாகச் சொன்னது. அதற்கப்புறமும் அவர்களுடைய பல்கலைக்கழக வளாகத்தில் காஃபீன் உள்ள சோடா விற்க 2017 வரை ஆனது. இப்போது ஊர் முழுக்க சோடாக் கடைகள். கோலாவில் தேங்காய் சிரப்பும் கிரீமும் ஊற்றி, வாளி மாதிரி குவளையில் தருவார்கள். காலை எட்டு மணிக்குக் கார் வரிசை நிற்கும்.

மது விஷயத்தில் இன்னும் தமாஷ். உணவகத்தில் மது கலப்பது வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்று ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். மக்கள் வைத்த பெயர் ‘சீயோன் திரை’. 2017இல்தான் சட்டம் தளர்ந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் குவளை சத்தம் மட்டும் கேட்குமாம். 2001இல் மாநிலத்தின் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாக ஜெல்லியைத் தீர்மானம் போட்டு அறிவித்த ஊர் இது, மறந்துவிடாதீர்கள். இங்கே நகைச்சுவை நாவல் எழுதுகிறவன் மிகைப்படுத்த வேண்டியதே இல்லை, எதை விடுவது என்பதுதான் கஷ்டம்.

#16 நூலகப்பூனை

மதுக்கடையிலிருந்து நாவலுக்குத் திரும்பலாமா? பிராடி யூடாலின் ‘தி லோன்லி பாலிகமிஸ்ட்’ (2010) யாராவது படித்தீர்களா? பாதிபடித்தவனுக்காகவே எழுதிய மாதிரி: நாலு மனைவி, 28 பிள்ளை. கோல்டன் ரிச்சர்ட்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், பிரிந்து போன பலதார மணக் குழுவைச் சேர்ந்தவர். பணமுடை. நெவாடாவில் ஒரு விபசார விடுதி கட்டும் வேலை கிடைக்கிறது. வீட்டில் முதியோர் இல்லம் கட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். இவ்வளவு பெண்கள் இருக்கும் வீட்டில் அந்த ஆளுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடையாது, தனிமையோ தாங்கவில்லை.

பேக்ஸ்லைடரை விட நயமாக எழுதப்பட்டது, சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் வரும் பக்கங்கள் அபாரம். பின்னணியில் அணுகுண்டு வேறு. 1951 முதல் 1962 வரை நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கா திறந்தவெளியில் குண்டு வெடித்துச் சோதித்தபோது, கதிர்வீச்சுத் தூசி காற்றோடு தென் யூட்டா மீது இறங்கியது. அரசாங்கம் ஆபத்தில்லை என்றது. ஆடுகள் செத்தன, அப்புறம் மனிதர்களுக்குப் புற்றுநோய். நஷ்டஈட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது. நம்பு என்று சொல்லி வளர்க்கப்பட்ட மக்கள் அரசாங்கத்தையும் நம்பினார்கள்.

ஆனாலும் யூடால் சோகத்தை நன்றாகச் செய்து, சிரிப்பை அதன் மேல் தூவுகிறார். பீட்டர்சனிடம் இரண்டையும் பிரிக்க வராது. மொழி கரடுமுரடு, சில இடம் வளவள. ஒரு புத்தகத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எனக்குப் பேக்ஸ்லைடர்.

#17 மேய்ப்பன்மகள்

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரசிகர் மன்றம் ஆகிவிடும். மேரியன். நல்ல பெண், சிரித்த முகம், உடம்பைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் பயம் இல்லாதவள். லூத்தரன் என்பதால் கிருபை என்ற சொல் அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கடைசியில் இயேசு சொல்வதைத்தானே அவள் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்? பெண்டாட்டி சொன்னால் காதில் ஏறாது, குதிரையில் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். இதை எழுத்தாளர் கிண்டலாகத்தான் வைத்தாரா, தெரியாமலே வந்துவிட்டதா என்று எனக்குச் சந்தேகம். அவள் பக்கத்திலிருந்து அந்தக் கதையைப் படிக்க எனக்கு ஆசை. கணவன் பட்டினி கிடந்து, தன்னைத் தொடமாட்டேன் என்று விரதம் இருக்கும் வீட்டில் பிள்ளையைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது நகைச்சுவை நாவலாக இருந்திருக்காது.

#18 செல்லாக்காசு

இதற்கு லைக் பட்டன் இல்லையா? படிக்காமலே இவ்வளவு சண்டை போட்டுவிட்டேன், படித்துவிட வேண்டியதுதான். யாராவது தமிழில் பெயர்த்தால் தேவலை. தலைப்பு ‘பின்மாற்றக்காரன்’தானே?

#19 மேய்ப்பன்மகள்

அந்தத் தலைப்பில் வந்தால் எங்கள் ஊரில் சபைப் புத்தகக் கடையிலேயே விற்றுவிடும். முதல் பத்துப் பக்கம் புரட்டுகிற வரைக்கும்.

#20 உப்பேரிக்கரை

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் ஒன்று பாக்கி. இங்கே நிறைய வீடுகளில் அவசரகாலத்துக்கென்று நிலவறையில் மாதக்கணக்கில் உணவு சேர்த்து வைத்திருப்பார்கள். கோதுமை, பீன்ஸ், டின்னில் அடைத்த பழம். சபையே அதை ஊக்குவிக்கிறது. பேக்ஸ்லைடரை முதலில் எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: அவருடைய அம்மா நிலவறையில் பீச் பழ டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம். அம்மா இறந்தபின் அலமாரியைக் காலி செய்யும்போது கிடைத்திருக்கிறது. பக்கங்களில் பென்சில் கோடு. எந்த இடத்தில் என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

#21 பாதிபடித்தவன்

பீச் பழத்தை என்ன செய்தார்கள்?

#22 உப்பேரிக்கரை

சாப்பிட்டார்களாம். நன்றாகத்தான் இருந்ததாம்.